பால் காபி நிறத்தில் ஆறு மச்சங்களா? குழந்தையைக் குளிப்பாட்டும்போது கவனிங்க!

பூந்தமல்லி பக்கம் நூம்பலில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய மகனுக்குப் பிறந்ததிலிருந்தே முதுகில் இளம் பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக மச்சங்கள். ``மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளியே வந்திருப்பே'' என்று பெரியவர்கள் சொல்ல, அவரும் அப்படியே நம்பிவிட்டார். பையனுக்கு ஆறு வயதானபோது கழுத்தோரம் மெத்தென்று ஒரு வீக்கம். அதைக் காட்டப்போன இடத்தில் டாக்டர் முதலில் பார்த்தது கழுத்தை அல்ல, முதுகைத்தான். சட்டையைக் கழற்றச் சொல்லி, மச்சங்களை எண்ணினாராம்!

கழுத்து வீக்கத்துக்கும் முதுகு மச்சத்துக்கும் என்ன சம்பந்தம்?

நரம்பில் விழும் பின்னல்

`நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1', சுருக்கமாக என்.எஃப்.1. சுமார் 3,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் மரபணுப் பிரச்னை இது. 1882-ல் ஜெர்மன் மருத்துவர் ரெக்லிங்ஹவுசன், இந்தக் கட்டிகள் நரம்பிலிருந்து கிளம்புகின்றன என்று விளக்கினார். 17-வது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுதான் காரணம் என்பது 1990-ல் உறுதியானது. செல்கள் அளவுக்கு மீறி வளராமல் பிரேக் போடும் புரதத்தை உண்டாக்குவது அந்த மரபணுவின் வேலை. அது பழுதானால் பிரேக் பிடிக்காது.

இந்தப் பாதிப்பு உள்ளவர்களில் 30 முதல் 50 சதவிகிதம் பேருக்கு வருவதுதான் `பிளெக்ஸிஃபார்ம் நியூரோஃபைப்ரோமா'. பிளெக்ஸிஃபார்ம் என்றால் பின்னல் போன்றது என்று அர்த்தம். சாதாரணக் கட்டி உருண்டையாக ஓரிடத்தில் நிற்கும். இது நரம்பையும் அதன் கிளைகளையும் பிடித்துக்கொண்டு கொடிபோலப் படரும். தொட்டால் உள்ளே கயிறு கயிறாகத் தட்டுப்படும். பெரும்பாலும் பிறக்கும்போதே இருக்கும். சிறு வயதில்தான் வேகமாக வளரும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

1987-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டு, 2021-ல் திருத்தப்பட்ட அடையாளப் பட்டியலைத்தான் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். கீழே இருப்பவற்றில் இரண்டு இருந்தாலே என்.எஃப்.1 என்று முடிவுக்கு வருவார்கள்.

* பால் காபி நிறத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட மச்சங்கள். குழந்தைகளுக்கு ஒவ்வொன்றும 5 மில்லிமீட்டருக்கு மேல் (பென்சில் நுனி ரப்பர் அளவு), பருவமடைந்தவர்களுக்கு 15 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்.
* அக்குளிலோ தொடை இடுக்கிலோ பொடிப் பொடியான புள்ளிகள்.
* இரண்டு நரம்புக் கட்டிகள் அல்லது ஒரு பிளெக்ஸிஃபார்ம் கட்டி.
* கண்ணின் கருவிழிப் படலத்தில் சிறு முடிச்சுகள்.
* பார்வை நரம்பில் கட்டி.
* கால் எலும்பு வளைவு போன்ற குறிப்பிட்ட எலும்புக் குறைபாடுகள்.
* ரத்தப் பரிசோதனையில் தெரியும் மரபணு மாற்றம்.
* அப்பா அல்லது அம்மாவுக்கு இதே பிரச்னை.

ஒன்றிரண்டு மச்சம் பலருக்கும் இருக்கும். அதற்காகப் பதற வேண்டாம்.

கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ ஸ்கேன் காட்டிவிடும். இதில் கதிர்வீச்சு கிடையாது. இன்னொரு விஷயம், `பிளெக்ஸிஃபார்ம்' என்று ரிப்போர்ட்டில் இருந்தாலே இதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. மைக்ராஸ்கோப்பில் பின்னல்போலத் தெரியும் வேறு கட்டிகளும் உண்டு. நரம்பு உறையில் வரும் ஸ்வான்னோமா, தாடை எலும்பில் வரும் அமெலோபிளாஸ்டோமா ஆகியவற்றிலும் இந்த வகை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. அதனால், திசுப் பரிசோதனை செய்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

`வெட்டி எடுத்துடுங்க' என்று அவசரப்படலாமா?

கூடாது. நரம்போடு பின்னிக்கிடப்பதால் முழுதாக எடுப்பது கஷ்டம். ரத்தக்கசிவு அதிகமாகலாம், நரம்பு பாதிக்கலாம், மிச்சம் இருப்பது திரும்ப வளரலாம். வலியோ தொந்தரவோ இல்லையென்றால் கண்காணித்தாலே போதும் என்று டாக்டர்கள் சொல்வதும் உண்டு.

அறுவை சிகிச்சை செய்ய முடியாதவர்களுக்கு 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் `செலுமெடினிப்' மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 50 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஏறக்குறைய 70 சதவிகிதம் பேருக்குக் கட்டி ஐந்தில் ஒரு பங்காவது சுருங்கியது. 2025 பிப்ரவரியில் `மிர்டாமெடினிப்' என்ற மருந்தும் அங்கே அனுமதி பெற்றது. இவை கட்டியைச் சுருக்கும், மரபணுவைச் சரிசெய்யாது.

எப்போது தாமதிக்கவே கூடாது?

என்.எஃப்.1 உள்ளவர்களில் சுமார் 8 முதல் 13 சதவிகிதம் பேருக்கு, வாழ்நாளில் எப்போதாவது நரம்பு உறைப் புற்றுநோய் வரலாம். பிளெக்ஸிஃபார்ம் கட்டியே அப்படி மாறுவதும் உண்டு. கட்டி திடீரென வேகமாக வளர்ந்தால், இரவில் தூங்கவிடாமல் வலித்தால், மெத்தென்று இருந்தது கல்போல இறுகினால், கை கால் மரத்துப்போனால் அல்லது பலவீனமானால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கே போவது?

நூம்பல், வேலப்பன்சாவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு வழி சுலபம். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே போனால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை, கடைசியில் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. குழந்தைகளுக்கென்றே எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. எங்கே காட்டுவது என்று குழப்பமாக இருந்தால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. இது தொற்றுநோய் அல்ல. தொட்டாலோ, கூட உட்கார்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது. பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்குப் பெற்றோரிடமிருந்து வருகிறது. மீதிப் பாதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வருகிறது. கிரகணமும் காரணமில்லை, அம்மாவும் காரணமில்லை.

எங்கள் தெரு அக்கா இப்போது வருடம் தவறாமல் மகனைக் கண் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அழைத்துப் போகிறார். கட்டி அப்படியேதான் இருக்கிறதாம். ``அது என் தப்பில்லைன்னு டாக்டர் சொன்னார் பாரு, அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்'' என்றார். ஆறு வருடமாக அவரிடம் யாருமே சொல்லாத வார்த்தை அது.