தக்கைப் பட்டையும் எண்ணெய்க் கசிவும்

காலையில் மோட்டார் வண்டியை வெளியே எடுத்த பிறகு, அது நின்றிருந்த இடத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். தரையில் கறுப்பு வட்டங்கள் தென்படுகின்றனவா? பழைய வண்டி வைத்திருப்போர் பலர், "வயதான வண்டி, எண்ணெய் ஒழுகத்தான் செய்யும்" என்று கூறி, அதன்மேல் ஒரு பிடி மணலைத் தூவிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கறுப்பு வட்டம் ஒரு செய்தியைச் சொல்கிறது. அதைச் சரியாகப் படித்தால் சிறு செலவோடு போகும். தவறாகப் படித்தால் எஞ்சினையே கீழே இறக்க நேரிடும்.

எடுத்துக்காட்டாக, நமக்கு நன்கு பழக்கமான அம்பாசடர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடிப்படையாகக் கொண்டு 1950-களின் இறுதியில் பிறந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. ஆயினும் பேணிக் காப்போர் கையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் உண்டு. வெகுகாலம் இதில் பொருத்தப்பட்டிருந்தது 1489 கன செ.மீ. கொள்ளளவுள்ள, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இந்த எஞ்சினின் உச்சியில் நீளவாக்கில் கவிழ்த்து வைத்த தகரத் தொட்டி போன்ற ஒரு மூடி இருக்கும். இதுவே வால்வு மூடி. பட்டறைகளில் இதை 'டாப்பெட் கவர்' என்பார்கள். இதற்கும் சிலிண்டர் தலைக்கும் இடையே வைக்கப்படும் மெல்லிய பட்டைதான் கேஸ்கட். 'பேக்கிங்' என்று கேட்டாலும் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். நம் கதையின் நாயகன் இந்தப் பட்டையே.

மூடிக்கு அடியில் நடப்பது என்ன?

எஞ்சினின் பக்கவாட்டில் சுழலும் கேம் தண்டு, தள்ளுகோல்களை மேலே உந்துகிறது. தள்ளுகோல் ராக்கர் கையின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை தாழ்ந்து வால்வைத் திறக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையைப் போன்ற அமைப்பு இது. இடைவிடாது அசையும் இந்த உறுப்புகள் தேயாமல் இருக்க எண்ணெய் வேண்டும் அல்லவா? பம்பு அனுப்பும் எண்ணெய் ராக்கர் தண்டின் துளைகள் வழியே கசிந்து, நாலா பக்கமும் சிதறி, பிறகு தள்ளுகோல் துளைகள் வழியாகத் தானே கீழ்த்தொட்டிக்கு வடிந்துவிடுகிறது.

இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். மூடிக்குள் எண்ணெய் அழுத்தத்துடன் நிரம்பி இருப்பதில்லை. தெளித்து வடிகிறது, அவ்வளவே. ஆகவே அதைத் தடுத்து நிறுத்தப் பெரிய பலம் எதுவும் தேவையில்லை. மூடியின் விளிம்புக்கும் தலையின் பரப்புக்கும் இடையில் உள்ள மேடு பள்ளங்களை நிரப்பக்கூடிய மென்மையான ஒரு பொருள் போதும். அந்த வேலைக்குத் தக்கையைவிடத் தகுந்த பொருள் அக்காலத்தில் கிடைப்பது அரிது.

தக்கையின் தனிச்சிறப்பு

தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. போர்ச்சுகல் நாட்டில் இம்மரங்கள் மிகுதி. மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்தெடுப்பார்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் அது மீண்டும் வளர்ந்துவிடும். 1665-இல் இராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிவியலார் தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது தேன்கூடு போன்ற சிறு அறைகளைக் கண்டார். அவற்றிற்கு அவர் இட்ட பெயரே 'செல்' என்பது. உயிரியலில் நீங்கள் படிக்கும் அந்தச் சொல்லும், எஞ்சின் கேஸ்கட்டும் ஒரே மரப்பட்டையிலிருந்து வந்தவை என்பது சுவையான செய்தி அன்றோ?

இந்த அறைகள் ஒவ்வொன்றும் காற்றடைத்த, நான்கு புறமும் மூடிய பெட்டி. தக்கையை அழுத்தினால் இப்பெட்டிகளின் சுவர்கள் மடிந்து உள்வாங்குகின்றன, விட்டால் நிமிர்கின்றன. ஓர் அழிப்பானை மேலிருந்து அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டில் பிதுங்கும். தக்கை அப்படிப் பிதுங்குவதில்லை, உள்ளுக்குள்ளேயே சுருங்கிக்கொள்கிறது. புட்டியின் கழுத்தில் தக்கையை எளிதில் செருக முடிவதும், மூடியின் விளிம்புக்கு வெளியே வழுகாமல் கேஸ்கட் நிற்பதும் இப்பண்பினால்தான். கேஸ்கட்டுக்கெனத் தக்கையைத் துருவலாக்கி, பசையோ ரப்பரோ கலந்து தகடாக அழுத்தி, பிறகு வேண்டிய வடிவத்தில் வெட்டுகிறார்கள்.

பின் ஏன் ஒழுகுகிறது?

ஓயாத வெப்பத்தில் வேகும் தக்கை, நாளடைவில் ஈரத்தையும் மீள்தன்மையையும் இழந்து இறுகிப்போகிறது. அழுத்திய நிலையிலேயே பழகிவிட்ட அறைகள் நிமிர மறுக்கின்றன. மூடிக்கும் தலைக்கும் நடுவே தலைமயிர் அளவு இடைவெளி தோன்றுகிறது. மெல்லிய இடுக்கின் வழியே பாயும் நீர்மத்தின் அளவு, இடுக்கின் உயரத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப மாறும் என்பது இயற்பியல் விதி. அதாவது இடுக்கு இரண்டு பங்கானால் கசிவு எட்டு மடங்காகும். இதனோடு எண்ணெயின் தன்மையும் சேர்ந்துகொள்கிறது. குளிர்ந்தபோது குழம்பாக இருக்கும் எண்ணெய், எஞ்சின் சூடேறியதும் நீர்போல் இளகிவிடும். அதனால்தான் நின்ற வண்டியைவிட ஓடிக் களைத்த வண்டி மிகுதியாக ஒழுகுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு துளி எண்ணெய் ஏறத்தாழ 0.05 மி.லி. பத்து விநாடிக்கு ஒரு துளி விழுந்தால் மணிக்கு 360 துளி. அதாவது 18 மி.லி. பத்து மணி நேரப் பயணத்தில் 180 மி.லி. இந்த எஞ்சினின் கீழ்த்தொட்டி கொள்வதோ ஏறத்தாழ 4 லிட்டர்தான். அளவுகோலை எடுத்துப் பார்க்காமல் சில வாரம் ஓட்டினால் விளைவு என்னவாகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எண்ணெய் குறைவதைவிடப் பெரிய ஆபத்தும் ஒன்றுண்டு. புகை வெளியேறும் குழாய்த்தொகுதி இந்த மூடிக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அதன் வெப்பம் எண்ணெய் தீப்பற்றும் ஆவியை வெளியிடும் நிலைக்கும் மேலே செல்லக்கூடியது. மூடியிலிருந்து வழியும் எண்ணெய் அதன்மேல் விழும்போது முதலில் தீய்ந்த வாடையும் புகையும் எழும். அந்த வாடையைப் பொருட்படுத்தாமல் விடுவது நன்றன்று. எஞ்சின் அறையில் தீ மூளவும் இது காரணமாகலாம்.

குற்றவாளி யார்?

எண்ணெய் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஒழுகுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். மேலே கசியும் எண்ணெய் எஞ்சினின் பக்கங்களில் இறங்கி, விசிறிக் காற்றால் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கிளட்ச் கூட்டின் அடியில் போய்ச் சொட்டும். அதைக் கண்டவுடன், "பின்பக்கம் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்று யாரேனும் சொன்னால், உடனே தலையை ஆட்டிவிட வேண்டாம். முதலில் ஓர் எளிய சோதனை செய்யுங்கள்.

எஞ்சின் நன்கு ஆறியபின் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் வெளிப்புறம் முழுவதையும் துடைத்து உலரவிடுங்கள். மண்ணெண்ணெய் வாடை முற்றிலும் நீங்கிய பிறகு, மூடியின் விளிம்பைச் சுற்றிலும் அதற்குக் கீழேயும் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். எஞ்சினைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். விசிறிக்கும் அதன் பட்டைக்கும் அருகே கையோ, துண்டோ, சேலைத் தலைப்போ போகக் கூடாது. நிறுத்திவிட்டு விளக்கடித்துப் பார்த்தால், வெண்மையான பொடியில் ஈரமான கறுப்புத் தடம் தெரியும். தடத்தின் மேல்முனை எதுவோ, அதுவே கசிவின் ஊற்று. இந்த எஞ்சினின் பக்கத்தில் தள்ளுகோல் அறைகளை மூடும் இரு சிறு தகடுகளும் உள்ளன. அவற்றுக்கும் தக்கைப் பட்டைதான். தடம் அங்கிருந்து தொடங்கினால் மாற்ற வேண்டியது அதையே.

மாற்றும் முறை

எஞ்சின் ஆறியிருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். மூடியோடு இணைந்த காற்றோட்டக் குழாயைக் கழற்றுங்கள். மூடியை இறுக்கிப் பிடித்திருப்பவை உச்சியில் உள்ள இரண்டே இரண்டு நட்டுகள். அவற்றை எடுத்ததும் மூடி வராவிட்டால், திருப்புளியைச் செருகி நெம்பாதீர்கள், விளிம்பு வளைந்துவிடும். மரக்கட்டையால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் போதும்.

மூடி வந்ததும் தள்ளுகோல் துளைகளைத் தூய துணியால் அடைத்துவிடுங்கள். சுரண்டும்போது விழும் தக்கைத் துணுக்குகள் கீழ்த்தொட்டிக்குப் போனால் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துக்கொள்ளும். ஒழுகலை நிறுத்தப் போய் எஞ்சினைப் பட்டினி போட்ட கதையாகிவிடும். தலையின் பரப்பிலும் மூடியின் உள்விளிம்பிலும் ஒட்டியுள்ள பழைய தக்கையையும் பசையையும் கீறல் விழாமல் சுரண்டி, துணியால் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்யுங்கள்.

அடுத்து, மூடியை ஒரு கண்ணாடிப் பலகையின்மேல் வைத்துப் பாருங்கள். நான்கு புறமும் படிகிறதா? எங்கேனும் விளிம்பு எழும்பி நின்றால், அடியில் மரக்கட்டை கொடுத்து, சிறு சுத்தியலால் தட்டி நேராக்குங்கள். வளைந்த மூடிக்கு எத்தனை புதிய பட்டை போட்டாலும் பயனில்லை.

கடையில் வெகுநாள் கிடந்த தக்கைப் பட்டை உலர்ந்து சுருங்கி, அளவில் குறைந்திருக்கும். அதை இழுத்துப் பொருத்த முயன்றால் ஒடிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவையுங்கள். ஈரம் ஏறி மீண்டும் அளவுக்கு வந்துவிடும். பிறகு நீரைத் துடைத்து, மூடியின் பக்கம் மட்டும் கேஸ்கட் பசையை மெல்லியதாகத் தடவி ஒட்டுங்கள். தலையில் படியும் பக்கத்திற்குப் பசை வேண்டாம். சிறிது கிரீஸ் பூசினால் போதும். வால்வு இடைவெளியைச் சரிபார்க்க இந்த மூடியை அவ்வப்போது திறக்க வேண்டியிருக்கும். இருபுறமும் ஒட்டிவிட்டால் திறக்கும்தோறும் பட்டை கிழியும்.

நட்டுகளின் அடியில் உள்ள ரப்பர்ப் புஷ்களையும் கையோடு மாற்றிவிடுங்கள். அவை இறுகிப்போயிருந்தால் நட்டைச் சுற்றியே எண்ணெய் எட்டிப்பார்க்கும். துளைகளில் அடைத்த துணிகளை மறவாமல் எடுத்த பின்னரே மூடியை வைக்க வேண்டும்.

இறுக்கினால் நிற்குமா?

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். ஒழுகும் மூடியைக் கண்டால் நட்டை மேலும் இறுக்குவது மனித இயல்பு. ஆனால் இந்த மூடி நடுவில் உள்ள இரு இடங்களில் மட்டுமே பிடிக்கப்பட்டுள்ளது. அளவுக்கு மீறி இறுக்கினால் தகரம் நடுவில் அமுங்கி, ஓரங்களில் எழும்புகிறது. தக்கையும் நசுங்கிப் பிளக்கிறது. இறுக்க இறுக்க ஒழுகல் கூடுவதன் மருமம் இதுதான்.

இவ்வகை எஞ்சின்களுக்குக் கூறப்படும் முறுக்கு அளவு 4 பவுண்டு அடி மட்டுமே, ஏறத்தாழ 5.4 நியூட்டன் மீட்டர். 15 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் மூன்றரை கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை தொங்கினால் கிடைக்கும் முறுக்கு அது. சிலிண்டர் தலையின் நட்டுகளுக்கோ இதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு வேண்டும். ஆகவே மூடியின் நட்டை இரண்டு விரலால் இறுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதில் சிறிது, அதில் சிறிது என்று மாற்றி மாற்றி முறுக்குவது முக்கியம். எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு, மறுநாள் ஒருமுறை சரிபார்த்தால் வேலை முடிந்தது.

புதிய பட்டையும் ஒழுகினால்?

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் சில நாளில் ஒழுகல் திரும்பினால், குற்றம் பட்டையில் இல்லை. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிவாயு சிறிதளவு எப்போதும் கீழ் அறைக்குள் நழுவும். அது வெளியேறவே காற்றோட்டக் குழாய்கள் இருக்கின்றன. குழாய் அழுக்கால் அடைபட்டாலோ, வளையங்கள் தேய்ந்து வாயு மிகுந்தாலோ, உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த வழியிலெல்லாம் எண்ணெயை வெளியே தள்ளும். இந்தப் பழைய எஞ்சினின் பின்முனையில் ரப்பர் வளையம் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுப் பள்ளமே எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. உள்ளழுத்தம் ஏறினால் அதுவும் தோற்றுவிடும்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குப்குப்பென்று வேகமாக வெளியேறினால், முதலில் காற்றோட்டக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதன் பின்னும் நிற்காவிட்டால் பிஸ்டன் வளையங்கள் கவனிப்பைக் கேட்கின்றன என்று பொருள்.

இக்கால எஞ்சின்களில் தக்கைக்குப் பதிலாக வார்க்கப்பட்ட செயற்கை ரப்பர்ப் பட்டைகள் பள்ளங்களில் பொருந்தி அமர்கின்றன, நட்டுகளும் பல. ஆயினும் விதி ஒன்றே. சுத்தமான பரப்பு, நேரான விளிம்பு, அளவான இறுக்கம், அடைபடாத காற்றோட்டம் ஆகிய நான்கும் இருந்தால், வெப்பம் மிகுந்த எஞ்சினிலும் எண்ணெயை உள்ளே நிறுத்த ஒரு மெல்லிய பட்டை போதும். நாளைக் காலை உங்கள் வண்டி நின்ற இடத்தைக் குனிந்து பார்க்க மறவாதீர்கள்.