ஹைட்ரஜன் கார் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணலாமா? பெட்ரோலா, எலெக்ட்ரிக்கா? 8 வருஷக் கணக்கு



போன மாசம் என் சித்தி பையன் போன் பண்ணினான். அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை, திருமுல்லைவாயல்ல வாடகை வீடு, கைக்கு வர்ற சம்பளம் 55,000 ரூபாய். "அண்ணா, எலெக்ட்ரிக் கார் புக் பண்ணலாம்னு இருக்கேன். ஆனா ஆபீஸ்ல ஒருத்தர், கொஞ்ச நாள்ல ஹைட்ரஜன் கார் வந்துடும், அவசரப்படாதன்னு சொல்றார். என்ன பண்றது?"

வீட்டுக்கு வா, உட்கார்ந்து கணக்கு போடுவோம்னு சொன்னேன். அன்னிக்கு நாங்க போட்ட கணக்கைத்தான் உங்களுக்கும் தர்றேன்.

முதல்ல ஹைட்ரஜன்

ஹைட்ரஜன் ஒண்ணும் கற்பனை இல்ல. நம்ம லோக்கல் ரயில் போற வழியில இருக்கற பெரம்பூர் ஐசிஎஃப்ல, 2025 ஜூலையில ஹைட்ரஜன்ல ஓடுற ரயில் பெட்டியைச் சோதிச்சாங்க. மத்திய அரசு 2023 ஜனவரியில தேசிய பச்சை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கு. ரயில், லாரி, உரம், எஃகு ஆலைகளுக்கு இது பெரிய விஷயம்.

ஆனா உங்க காருக்கு? ஒரு சின்ன கணக்கு பாருங்க. தண்ணியிலிருந்து 1 கிலோ ஹைட்ரஜன் பிரிக்க சுமார் 55 யூனிட் கரன்ட் வேணும். அந்த 1 கிலோவுல டொயோட்டா மிராய் மாதிரி கார் 100 கிலோமீட்டர் சுமாருக்கு ஓடும். அதே 55 யூனிட்டை நேரா பேட்டரி கார்ல ஏத்தினா 350 கிலோமீட்டர் ஓடலாம். அதாவது அதே கரன்ட்டுக்கு மூணு மடங்குக்கு மேல தூரம். ஹைட்ரஜனை அழுத்தி, லாரியில ஏத்தி, பங்க்ல நிரப்புற செலவு இதுல சேரவே இல்ல.

வாங்கினவங்க அனுபவத்தையும் பாருங்க. அமெரிக்காவோட கலிஃபோர்னியாவுல மிராய் பல வருஷமா விற்பனையில இருக்கு. அங்க ஹைட்ரஜன் விலை கிலோ 36 டாலர் வரைக்கும் போச்சு. 5.6 கிலோ டேங்கை நிரப்ப கிட்டத்தட்ட 200 டாலர். 2024 பிப்ரவரியில ஷெல் நிறுவனம் அங்க கார்களுக்கான ஹைட்ரஜன் பங்க்குகளை மூடிடுச்சு. கார் கையில இருக்கு, நிரப்ப இடம் இல்ல!

அதனால ஹைட்ரஜனுக்காகக் காத்திருந்து இன்னிக்கு எடுக்க வேண்டிய முடிவைத் தள்ளிப் போடாதீங்க. இந்தப் போட்டி பெட்ரோலுக்கும் எலெக்ட்ரிக்குக்கும்தான்.

விலை வித்தியாசத்துக்கும் வட்டி உண்டு

தம்பி பார்த்த பெட்ரோல் கார் ஆன்-ரோடு 9 லட்சம், எலெக்ட்ரிக் கார் 12.5 லட்சம். வித்தியாசம் 3.5 லட்சம்னு நினைப்போம். ஆனா அந்த 3.5 லட்சத்தை நாம லோன்லதான் கட்டப் போறோம். 9% வட்டி, 5 வருஷம்னா, அந்தக் கூடுதல் பகுதிக்கு மட்டும் மாசம் 7,265 ரூபாய் இஎம்ஐ. மொத்தம் 4.36 லட்சம். எலெக்ட்ரிக் கார் இந்தத் தொகையை ஓட்டத்துல திருப்பித் தரணும்.

ஒரு கிலோமீட்டர் செலவை இப்படிப் போட்டோம்:

பெட்ரோல் கார்: லிட்டர் 101 ரூபாய், நம்ம டிராஃபிக்ல 15 கிலோமீட்டர் மைலேஜ். கிலோமீட்டருக்கு 6.70 ரூபாய்.
எலெக்ட்ரிக், வீட்டு சார்ஜிங்: யூனிட் 9 ரூபாய், 6.5 கிலோமீட்டர் ஓட்டம். கிலோமீட்டருக்கு 1.40.
எலெக்ட்ரிக், பொது ஃபாஸ்ட் சார்ஜர்: யூனிட் 20 ரூபாய்னு வெச்சா, கிலோமீட்டருக்கு 3.10.

வீட்டு கரன்ட்டுக்கு ஏன் 9 ரூபாய்? இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ரெண்டு மாசத்துக்கு 350 யூனிட் ஓடுற வீட்டுல, கார் இன்னும் 250 யூனிட் சேர்க்கும். மொத்தம் 600. ஈபி பில் 500 யூனிட்டைத் தாண்டினதும் குறைஞ்ச ஸ்லாப் விலை போயிடும், மேல வர்ற ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல. கோடையில ஏசியும் ஓடினா இன்னும் ஏறும். பழைய பில்லோட சராசரியைப் போட்டு ஏமாறாதீங்க. கார் வந்த பிறகு கூடப்போற தொகை எவ்வளவுன்னு பாருங்க.

எத்தனை வருஷத்துல போட்ட காசு வரும்?

தம்பி ஓட்டம் வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர். ஆபீஸ், வார இறுதி, ரெண்டு தடவை ஊருக்குப் போய்ட்டு வர்றது, எல்லாம் சேர்த்து. வீட்டு சார்ஜிங்னா எரிபொருள்ல வருஷம் 53,000 மிச்சம். ஆயில், ஃபில்டர் மாத்துற வேலை இல்லாததால சர்வீஸ்ல ஒரு 5,000. மொத்தம் 58,000. 4.36 லட்சத்தை 58,000-ஆல வகுத்தா ஏழரை வருஷம்!

அவனே பொது சார்ஜரை மட்டும் நம்பினா மிச்சம் 41,000தான். பத்தரை வருஷம் ஆகும். பேட்டரி வாரன்டி பெரும்பாலும் 8 வருஷம்தான்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இன்னொருத்தர், ஆவடியிலிருந்து தினமும் ஓஎம்ஆர் போய் வர்றார்னு வெச்சுக்குவோம். வருஷம் 24,000 கிலோமீட்டர். வீட்டுல சார்ஜ் பண்ணினா வருஷம் 1.35 லட்சம் மிச்சம். மூணேகால் வருஷத்துல போட்டது வந்துடும். அதுக்கப்புறம் எல்லாம் லாபம்.

கார் ஒண்ணுதான், கணக்கு மூணு. பதிலை முடிவு பண்றது உங்க கிலோமீட்டரும், உங்க வீட்டுல இருக்கற ஒரு 15 ஆம்ப் பிளக்கும்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை

1. வாடகை வீடு. தம்பி ஓனர்கிட்ட இன்னும் கேட்கவே இல்ல! பார்க்கிங்ல பிளக் பாயின்ட், தனி சப் மீட்டர், யூனிட்டுக்கு என்ன விலை, மூணையும் அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

2. வரிச் சலுகை. எலெக்ட்ரிக் வண்டி லோன் வட்டிக்கு 1.5 லட்சம் வரை கழிவு தந்த 80ஈஈபி பிரிவு, 31.3.2023 வரைக்கும் சாங்ஷன் ஆன லோனுக்குத்தான். புது லோனுக்குக் கிடையாது. ஷோரூம்ல யாராவது "டாக்ஸ்ல கிடைக்கும் சார்"னு சொன்னா நம்பாதீங்க. 5% ஜிஎஸ்டி ஏற்கனவே விலைக்குள்ள இருக்கு, அதைத் தனியா லாபம்னு எண்ணாதீங்க. தமிழ்நாடு 2023 கொள்கைப்படி தந்த ரோடு டாக்ஸ் விலக்கு 31.12.2025 வரைக்கும்னு அறிவிச்சது. நீங்க வாங்குற தேதியில என்ன நிலைமைன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல உறுதி பண்ணிக்கோங்க.

3. இன்சூரன்ஸ். தேர்ட் பார்ட்டி பிரீமியத்துல எலெக்ட்ரிக்குக்கு 15% தள்ளுபடி உண்டு. ஆனா 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல அம்பத்தூர் எஸ்டேட்ல தண்ணி நின்னதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணி புகுந்தா பேட்டரிக்கு கவர் இருக்கான்னு பாலிசியில எழுத்துல பாருங்க. பெட்ரோல் காருக்கு எஞ்சின் புரொடெக்ட். இந்தக் கூடுதல் பிரீமியத்தையும் கணக்குல சேர்க்கணும்.

4. மெட்ரோ. பூந்தமல்லி பைபாஸ் – கலங்கரை விளக்கம் வழித்தடம் உங்க ஆபீஸ் ரூட்ல வருதா? நாளைக்கு ரயில்ல போக ஆரம்பிச்சா உங்க 24,000 கிலோமீட்டர் 10,000 ஆயிடும். மூணேகால் வருஷக் கணக்கு ஏழரை வருஷமா மாறிடும்.

ஸ்கூட்டர்னா கதையே வேற

பெட்ரோல் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 2.25 ரூபாய், எலெக்ட்ரிக் 30 பைசா சுமார். வருஷம் 9,000 கிலோமீட்டர் ஓட்டினா 17,500 ரூபாய் மிச்சம். 30,000 ரூபாய் கூடுதல் விலை கொடுத்து வாங்கினாலும் ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துடும். மாசம் 500 ரூபாய் பேட்டரிக்குன்னு தனியா ஒதுக்கி வெச்சாக்கூட லாபம்தான். கழட்டி மாடிக்கு எடுத்துட்டுப் போற பேட்டரி மாடல்னா பார்க்கிங் பிளக் பிரச்சினையும் இல்ல.

தம்பி என்ன முடிவு எடுத்தான்?

எலெக்ட்ரிக் காருக்கு 2.5 லட்சம் முன்பணம் போக 10 லட்சம் லோன். இஎம்ஐ 20,758. அவன் சம்பளத்துல கிட்டத்தட்ட 38%. வாடகையும் கட்டிட்டு இது தாங்குமா? "ஆறு மாசம் இதே 20,758-ஐ சம்பளம் வந்த அன்னிக்கே ஆர்டியில போடு. மூச்சு முட்டாம ஓட்டிட்டேன்னா, கையில 1.25 லட்சம் கூடுதல் முன்பணம் இருக்கும், லோன் குறையும். முட்டிச்சுன்னா, கார் வாங்காமலேயே பாடம் கத்துக்கிட்டே"ன்னு சொன்னேன்.

முதல் மாசம் போட்டுட்டான். ஓனர்கிட்ட பிளக் பாயின்ட் பத்தியும் கேட்டிருக்கான். "பார்க்கலாம் தம்பி"ன்னு சொல்லியிருக்காராம். அந்தப் பதில் தெரியற வரைக்கும் புக்கிங் கிடையாது.

நீங்களும் ஷோரூம் போறதுக்கு முன்னாடி மூணு நம்பரை எழுதுங்க: வருஷ ஓட்டம், ரெண்டு மாச ஈபி யூனிட், கூடுதல் இஎம்ஐ. ஒரு பேப்பர், ஒரு கால்குலேட்டர், பத்து நிமிஷம் போதும். அடுத்த வீடியோவுல பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கலாமான்னு பார்ப்போம். சந்திப்போம்!