கரை யாருக்குச் சொந்தம்?

செத்த ஊர் பிழைக்குமா? பிழைக்கும்! அப்படிப் பிழைத்த ஊர் ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறோம். ஆனால், ‘ஊர் பிழைத்தது’ என்ற சேதி கேட்டதும் கைதட்டிவிட்டுக் கலைந்து போகிறவர்கள் அல்ல நாம். யாரால் பிழைத்தது, யாருக்காகப் பிழைத்தது என்று கேட்கிறவர்கள். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தோழர்கள் மேலே படிக்கட்டும்.

அமெரிக்காவின் தென்பகுதியில் டென்னசி மாநிலம். அங்கே, டென்னசி ஆறு மலைகளுக்கிடையே வளைந்து திரும்பும் இடத்தில் சட்டனூகா என்றொரு நகரம். நியூயார்க் போல, சிகாகோ போலப் பேர்போன மாநகரம் அல்ல. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சுமார் 1,81,000 பேர். ஆற்றுத் துறையும் ரயில் பாதைகளும் இரும்பு வார்க்கும் பவுண்டரிகளும் சேர்ந்து வளர்த்த ஊர். உழைப்பாளிகளின் ஊர்!

உழைத்தவனுக்கு அந்த ஆலைகள் கூலி கொடுத்தன. கூடவே புகையும் கொடுத்தன. 1969-ல், அமெரிக்க நாட்டிலேயே காற்று மிக அழுக்கான நகரம் என்ற பட்டம் சட்டனூகாவுக்குக் கிடைத்தது. நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டிய கதையை அவ்வூர்க்காரர்கள் சொல்வார்கள். சுற்றிலும் மலை, புகை வெளியேற வழியில்லை. வசதி படைத்தவன் மலைமேல் வீடு கட்டிக்கொண்டான். பள்ளத்தில் இருந்தவன் புகையைக் குடித்தான். அந்த ஆண்டே கடுமையான சட்டம் வந்தது. 1972-க்குள் ஆலைகள் புகையை அடக்கியாக வேண்டும் என்றது சட்டம். அடக்கின! சட்டத்துக்கு முதுகெலும்பு இருந்தால் ஆலை முதலாளியும் வழிக்கு வருவான் என்பதற்கு இது ஒரு சாட்சி.

காற்று தெளிந்தது, ஆனால் தொழில் தேய்ந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. 1980-ல் 1,69,000 பேர் இருந்த ஊரில், 1990-ல் மிஞ்சியவர்கள் 1,52,000 பேர். கடைத்தெரு காலி. கிடங்குகள் பாழ். ஊரைப் பெற்ற ஆறு ஊருக்கே தெரியாமல் ஓடிற்று. ஆற்றுக்கும் ஊருக்கும் குறுக்கே வேகச்சாலை மதில்போலக் கிடந்தது.

என்ன செய்தார்கள்? 1984-ல் ஊர்மக்களை அழைத்துப் பேசவிட்டார்கள். ‘இந்த ஊர் எப்படி இருக்க வேண்டும்?’ என்ற கேள்விக்கு 1,700 பேருக்கு மேல் வந்து யோசனை சொன்னார்கள். அவற்றிலிருந்து 40 இலக்குகள் வகுக்கப்பட்டன. இந்த முயற்சிக்குப் பின்னால் செல்வர்களின் அறக்கட்டளைப் பணம் இருந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனாலும், நாலு பெரிய மனிதர்கள் அறைக்குள் உட்கார்ந்து கோடு போட்டு, ‘இதுதான் உன் ஊர், ஏற்றுக்கொள்’ என்று சொல்வதற்கும், தெருவில் நடப்பவனைக் கேட்டுக் கோடு போடுவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமை உண்டு.

பலன் வந்தது. 1989-ல் ஆற்றோர நடைபாதையின் முதற்பகுதி. 1992-ல் கரையில் மீன் காட்சிசாலை. அதே ஆண்டு, கட்டணமில்லாமல் நகரின் நடுப்பகுதியில் ஓடும் மின்சாரப் பேருந்து. 2005-ல் 12 கோடி டாலர் செலவில் கரை முழுவதும் திருத்தப்பட்டது. மதில்போலக் கிடந்த வேகச்சாலை ஒடுக்கப்பட்டு, மக்கள் ஆற்றுக்கு நடந்துபோக வழி பிறந்தது. மீன் காட்சிசாலைக்குச் சீட்டு வாங்க வேண்டும், நடைபாதைக்கு வேண்டாம். வேலை முடிந்து வருகிற தொழிலாளி, காலணா செலவில்லாமல் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக் காற்று வாங்கலாம். இந்தத் திட்டத்தில் நாம் மனமாரப் பாராட்டுவது இதைத்தான்.

எல்லாவற்றிலும் பேர் பெற்றது வால்நட் வீதிப் பாலம். 1891-ல் திறந்த பழைய இரும்புப் பாலம். பழுது என்று 1978-ல் வண்டிகளுக்கு மூடிவிட்டார்கள். இடித்துத் தள்ளத்தான் எண்ணம். ஊரார் விடவில்லை! பணம் திரட்டினார்கள், தம் பெயர் பொறித்த தகடுகளுக்குக் காசு கொடுத்தார்கள். 1993-ல் நடந்து போகிறவர்களுக்கான பாலமாக அது மீண்டும் திறந்தது. ஏறக்குறைய அரை மைல் நீளம். படம் பிடித்தார்கள், பாராட்டினார்கள், பழைய நகரங்களைப் புதுப்பிக்க விரும்புவோர் வந்து பார்த்துப் போனார்கள்.

பாலத்தைப் பழுது பார்த்துவிட்டார்கள், சரி. அதன்மேல் கிடந்த பழியை?

தோழர்களே! அந்தப் பாலத்தில் இரண்டு கருப்பின மனிதர்களைக் கும்பல் கூடித் தூக்கில் தொங்கவிட்டது. 1893-ல் ஆல்பிரட் பிளவுண்ட். 1906-ல் எட் ஜான்சன்.

எட் ஜான்சன் கூலிவேலை செய்து பிழைத்த இளைஞர். வெள்ளைப் பெண் ஒருத்தியைக் கெடுத்தார் என்று குற்றச்சாட்டு. அந்த நேரத்தில் அவர் வேறிடத்தில் இருந்ததைக் கண்டோம் என்று பலர் சாட்சி சொன்னார்கள். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி, மரண தண்டனைக்கு வழி செய்தது. நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ் என்ற இரு கருப்பின வழக்கறிஞர்கள் உயிரைப் பணயம் வைத்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தண்டனையை நிறுத்தி வைத்தது நீதிமன்றம். 1906 மார்ச் 19 இரவு, கும்பல் சிறையை உடைத்து எட் ஜான்சனை இழுத்துப் போய் அந்தப் பாலத்தில் தூக்கிலிட்டது, துப்பாக்கியாலும் சுட்டது. சிறைக்குப் பொறுப்பான அதிகாரி, ஷெரிப் ஷிப், தடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அவரையும் கூட்டாளிகளையும் தானே விசாரித்தது. அந்த நீதிமன்றம் தன் வரலாற்றில் நடத்திய ஒரே குற்ற விசாரணை அதுதான். 1909-ல் தீர்ப்பு. ஒரு மனித உயிருக்கு என்ன விலை? ஷிப்புக்கு 90 நாள் சிறை! திரும்பி வந்தவரைக் கூட்டம் திரண்டு வரவேற்றது. வாதாடிய வழக்கறிஞர்களோ ஊரை விட்டே போக நேர்ந்தது.

எட் ஜான்சன் மீதான தீர்ப்பு 2000-ல்தான் ரத்தானது. பாலத்தின் தென்முனையில் அவருக்கு நினைவகம் எழுந்தது 2021-ல். இரும்பைப் புதுப்பிக்க 1993-லேயே முடிந்த ஊருக்கு, உண்மையைச் சொல்ல மேலும் 28 ஆண்டு தேவைப்பட்டது! துருவைச் சுரண்ட ஆள் கிடைப்பான். அநீதியைச் சுரண்டி எடுக்கத்தான் நெஞ்சுரம் வேண்டும். காலம் கடந்தேனும் அந்த நெஞ்சுரத்தைக் காட்டியவர்களை வணங்குகிறோம்.

அந்தக் கரையின் முதற்குடிகளையும் மறப்பதற்கில்லை. செரோக்கி இனத் தலைவர் ஜான் ராஸ் நடத்திய படகுத்துறைதான் இவ்வூரின் தொடக்கம். 1838-ல் செரோக்கி மக்களை அந்தத் துறையிலிருந்தே படகேற்றி நாடு கடத்தினார்கள். அவர்களை விரட்டிய அதே ஆண்டு, ஊருக்கு ‘சட்டனூகா’ என்று பெயரிட்டார்கள். செரோக்கிக் கலைஞர்களின் கைவண்ணத்தோடு அங்கே நினைவுப் படிகள் அமைந்தது 2005-ல்.

இன்னொரு கேள்வியும் பாக்கி. கரை அழகானது, கஞ்சி? 2003-லும் 2006-லும் ஊரின் பழைய பெரிய பவுண்டரிகள் இரண்டு மூடப்பட்டன. வருகிற விருந்தாளிக்கு அறை கூட்டுகிற வேலை, இரும்பு வார்த்தவனின் கூலியைத் தருமா? ஆற்றங்கரைப் பூங்கா வயிற்றை நிரப்பாது என்பதை உழைப்பாளி அறிவான். அவ்வூரில் 2011-ல் திறந்த வோக்ஸ்வேகன் கார் ஆலையின் தொழிலாளர்கள், சங்கம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் 2014-லும் 2019-லும் தோற்றார்கள். துவண்டார்களா? 2024-ல் பெருவாரியாக வென்றார்கள்! நடைபாதையில் உலாவ நேரமும், வீட்டில் உலை வைக்க அரிசியும் ஒருசேரக் கிடைக்க வேண்டுமானால், கரையோடு கூலியையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

ஆகவேதான் சொல்கிறோம்: பழைய நகரைப் புதுப்பிக்கிறோம் என்று எவர் வரைபடத்தை விரித்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள். எங்களைக் கேட்டாயா? காசில்லாதவன் நிற்க இடம் வைத்தாயா? இங்கே சிந்திய இரத்தத்தையும் வியர்வையையும் எழுதி வைத்தாயா?

மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால், அந்தக் கரை மக்களுடையது. வரவில்லையென்றால், வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!