‘றீ’ என்ற சின்ன எழுத்து

‘றிலீவ் வந்ததா?’, ‘றீசெற்றில்மென்ற் பதிஞ்சாச்சு’ என்று பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாத அம்மாமாரும் சொல்லக் கேட்கிறேன். முகாம்களிலும் அலுவலக வாசல்களிலும் பழகிய சொற்கள் இவை. இவற்றின் முன்னால் நிற்கும் ‘றீ’ இலத்தீன் மொழியில் இருந்து வந்தது. அதற்கு இரண்டு கருத்து உண்டு. ஒன்று ‘திரும்ப’, மற்றது ‘இன்னொரு முறை’. நமது அலுவலகத் தமிழ் இதை ‘மீள்’ என்றும் ‘புனர்’ என்றும் எழுதுகிறது: மீள்குடியேற்றம், புனர்வாழ்வு.

இந்த இரண்டு கருத்துக்கும் இடையில் ஒரு காணியே போய்விடலாம். றீசெற்றில்மென்ற் என்றால் சொந்த ஊருக்குத் திரும்புவது என்றே நாம் நம்புகிறோம். றீலொகேஷன் என்பதிலும் அதே ‘றீ’தான். இலத்தீனில் ‘லோகுஸ்’ என்றால் இடம். ஆனால் இங்கே திரும்புதல் இல்லை. இன்னொரு முறை குடியிருத்தல், அதுவும் வேறிடத்தில். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது கேப்பாப்பிலவு மக்கள் சீனியாமோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுடைய காணிகளில் இராணுவம் இருந்தது. ஆனாலும் மீள்குடியேற்றம் முடிந்தது என்றே அரசு அறிவித்தது. 2017 மார்ச்சில் அந்த ஊர்ப் பெண்கள் படைமுகாம் வாசலில் இருந்து கேட்டது ‘திரும்ப’ என்ற ‘றீ’யைத்தான்.

றெப்பரேஷன் என்பது, சைக்கிளுக்கு நாம் சொல்லும் ‘றிப்பெயர்’ இருக்கிறதே, அதற்குச் சொந்தக்காரச் சொல். பழுதைச் சரிசெய்வது என்பதே கருத்து. தமிழில் ‘இழப்பீடு’ என்று எழுதுவதால் காசு மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம், இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை அமைத்தபோது, காணி, வீடு, தொழிற்பயிற்சி, உளசமூக ஆதரவு, நினைவுகூரல் ஆகியவற்றையும் இதற்குள் சேர்த்தது. காசோலையோடு கதை முடிந்தது என்று யாரும் சொன்னால் ஏற்க வேண்டியதில்லை.

றெகொன்சிலியேஷன் என்றால் மறுபடி ஒன்று சேர்தல். ‘நல்லிணக்கம்’ என்று தமிழாக்கியபோது ‘மறுபடி’ விழுந்துவிட்டது. எனக்கு அதில் குறையில்லை. முன்பு எவ்வளவு சேர்ந்திருந்தோம் என்பது வேறு கதை.

வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. படிவத்தைத் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. ஆங்கிலத்தில் தந்தால், கையெழுத்து வைக்கமுன் ‘றீ’க்குப் பின்னால் என்ன சொல் இருக்கிறது, எந்தக் கிராம அலுவலர் பிரிவு, எந்தக் காணி என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.