முன்னறையில் யாருக்கு இடம்?

சென்ற ஆண்டு தை மாதத்தில், எம் பங்கைச் சார்ந்த குடும்பத்தார் ஒருவர் தம் புதிய இல்லத்தை மந்திரிக்க என்னை அழைத்திருந்தனர். சிறுகச் சிறுகச் சேர்த்து, வங்கியில் கடனும் பெற்று எழுப்பிய வீடு. தீர்த்தச் செம்புடன் முன்னறைக்குள் நுழைந்ததும் என் கால்கள் தாமே நின்றுவிட்டன. ஏழு பேர் அமரக்கூடிய சோபா, அதன் முன்னே கண்ணாடி போட்ட டீப்பாய், சுவரில் பாதியை அடைத்த தொலைக்காட்சிப் பெட்டி, கூரையில் பூவேலை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நீல விளக்குகள். சோபாவின்மேல் கடைக்காரர் சுற்றி அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் நீக்கப்படவில்லை. "உட்காருங்கள் சாமி" என்று வீட்டுத் தலைவி உபசரித்தார். உட்கார்ந்தேன். உறை நொறுநொறுவென ஓசையிட்டது. வியர்வையில் அங்கி ஒட்டிக்கொண்டது.

அறை அறையாக மந்திரித்துக்கொண்டு பின்கட்டுக்குச் சென்றபோது, சலவை இயந்திரத்திற்கும் அரிசி மூட்டைக்கும் இடையே ஒரு பழைய சாய்வு நாற்காலியைக் கண்டேன். அதில் வீட்டுப் பெரியவர் சாய்ந்திருந்தார். எண்பதைக் கடந்தவர், பள்ளி ஆசிரியராய் வாழ்நாளைக் கழித்தவர். "தோத்திரம் சாமி" என்று எழ முயன்றார். "பழைய வீட்டில் முன்னால்தானே இருப்பீர்கள் ஐயா?" என்றேன். "இந்த நாற்காலி அந்தச் சாமான்களோடு சேராதாம் சாமி" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகனைக் கொடியவர் என்று எவரும் எண்ண வேண்டா. தந்தைக்கு வேளை தவறாமல் மருந்து கொடுப்பவர்; ஞாயிறுதோறும் கைப்பிடித்துக் கோவிலுக்கு அழைத்து வருபவர். கடைக்காரர் காட்டிய படத்தில் இருந்தவாறே அறையை அமைத்தார். அந்தப் படத்தில் முதியவர் எவரும் இல்லை. நடந்தது அவ்வளவே. ஆயினும், வீடு மந்திரிக்கச் செல்லும் இடங்களிலெல்லாம் இதே படத்தைத்தான் நான் காண்கிறேன். ஆதலால் குடும்பத்தாருக்கு இதைப் பற்றிச் சிறிது எழுதுவது தகாது என்று எனக்குத் தோன்றவில்லை.

முன்னறையை ஆங்கிலத்தில் 'பார்லர்' என்றும் வழங்குவதுண்டு. 'பேசு' எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல் அது. மௌனம் காக்கும் துறவியர், தம்மைக் காண வரும் வெளியாரோடு பேசுவதற்கென்று மடத்தில் ஒதுக்கப்பட்ட அறைக்கே முதலில் அப்பெயர் இருந்தது. ('டிராயிங் ரூம்' என்பதற்கும் படம் வரைவதற்கும் தொடர்பில்லை, விருந்துண்டபின் விலகிச் சென்று அமரும் அறை என்பதன் குறுக்கமே அது.) நான் குருமடத்தில் பயின்ற நாளில், எம் பெற்றோர் வந்து எம்மைப் பார்க்கும் அறையையும் 'பார்லர்' என்றே அழைத்தோம். எதிரெதிரே இரண்டு நீண்ட பெஞ்சுகள், மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை, தோட்டத்தை நோக்கிய ஒரு சன்னல், வேறொன்றும் இல்லை. பெஞ்சு கடினமானதுதான். ஆனால் என் தாயாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேச அங்கே தடையாக எதுவும் இருந்ததில்லை.

நம் முன்னோரின் வீடுகளிலோ பேச்சுக்கும் வரவேற்புக்கும் ஓர் அறை மட்டும் பொறுப்பாயிருக்கவில்லை. வழிப்போக்கருக்கும் அண்டை வீட்டாருக்கும் திண்ணை. வெளிச்சத்திற்கும் காற்றுக்கும் முற்றம். உறவினருக்கும் விழாவுக்கும் கூடம். செட்டிநாட்டு வீடுகளின் விரிவை நாம் நாட வேண்டியதில்லை. எளிய ஓட்டு வீட்டிலும் தெருவைப் பார்த்த ஒரு திண்ணையும், தலை சாய்க்க அதன் ஓரத்தில் கட்டிய திண்டும் இருந்தன. மதில் சுவரும் இரும்புக் கதவும் வந்தபின் திண்ணை போயிற்று. மனையின் விலை ஏறியபின் முற்றமும் போயிற்று. மூன்றும் செய்த வேலையை இன்று பத்தடிக்குப் பன்னிரண்டு அடியான ஓர் அறை தாங்க வேண்டியிருக்கிறது. அந்த அறைக்குள் அரண்மனைக்குரிய சோபாவை நுழைத்தால் மனிதர் எங்கே போவர்?

சோபாவின் அளவைப் பற்றி முதலில் சொல்கிறேன். கடைக்குச் செல்லும்போது ஓர் அளவு நாடாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாதம் தரையில் படிந்திருக்க, முழங்கால் நேராக மடிந்திருக்க, முதுகும் சாய்மானத்தில் பட வேண்டும். அதுவே நல்ல இருக்கை. நம்மவருக்கு இருக்கையின் உயரம் பதினாறு, பதினேழு அங்குலமும், உள் ஆழம் பதினெட்டு முதல் இருபது அங்குலமும் பொருந்தும். இன்று விற்பனையாகும் பெருத்த சோபாக்களில் இருபத்து நான்கு அங்குல ஆழத்தையும் காணலாம். உயரம் குறைந்த பெண்கள் அதில் முதுகைச் சாய்த்தால் கால்கள் அந்தரத்தில் தொங்கும். காலை ஊன்றினால் முதுகுக்குத் துணையில்லை. முதியவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பஞ்சணை அமுங்கி இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டால், பிறர் கை கொடுத்துத் தூக்கினாலன்றி எழ இயலாது. சாய்வு நாற்காலியும் தாழ்வானதுதான், ஆனால் அதன் நீண்ட கைகள் உறுதியானவை, ஊன்றி எழலாம். முழங்கால் நோவுடைய தாய் தந்தையர் உள்ள வீட்டில், உறுதியான கைகளும் சற்றே உயர்ந்த இருக்கையும் உள்ள நாற்காலி ஒன்றேனும் முன்னறையில் இருப்பது கட்டாயம்.

மூவர் வரிசையாய் அமரும் சோபா பேச்சுக்கு ஏற்றதன்று என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஓரத்தில் இருப்போர் இருவரும், நடுவில் இருப்பவரைத் தாண்டிக் கழுத்தை நீட்டியே பேச வேண்டும். மூலையில் ஒன்றுக்கொன்று பக்கவாட்டாகப் போட்ட இரண்டு நாற்காலிகளில் பேச்சு தானாய் வளரும். எதிரெதிர் இருக்கைகளுக்கிடையே ஏழெட்டு அடிக்கு மேல் இடைவெளி இருந்தால் குரலை உயர்த்த வேண்டிவரும். அப்போது எவரும் தம் மனக்கவலையைச் சொல்லமாட்டார்.

நம் நாட்டு வெயிலுக்கு எது இதமானது என்பதும் சிந்திக்கத்தக்கதே. ரெக்ஸின் உறை வியர்வையை உறிஞ்சாது. பிரம்பு பின்னிய நாற்காலியில் முதுகுக்குப் பின்னும் காற்றோடும். இலவம் பஞ்சுத் திண்டைப் பகலெல்லாம் வெயிலில் போட்டு எடுத்தால் மீண்டும் உப்பிக்கொள்ளும். பருத்தி உறையைக் கழற்றித் துவைக்கலாம். தரைக்கு, காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் செய்யும் பூக்கற்களை நான் விரும்புவேன். கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி, பின்புறம் மணலும் சிமெண்டும் நிரப்பி, நீரில் ஊறவைத்து எடுக்கின்றனர். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியைத் தொட்டுக் கிடந்த பக்கம் கண்ணாடிபோலவே வழுவழுப்பாகும். மனிதர் நடக்க நடக்க மெருகு ஏறும். அதற்கு வசதியில்லாதோர் வருந்த வேண்டா. நம் பாட்டிமார் வீட்டுச் சிவப்புக் காவித் தரை அதற்குக் குறைந்ததன்று.

மேற்குச் சுவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிற்பகல் வெயிலை வாங்கிய செங்கற்சுவர், பொழுது சாய்ந்த பின்னரே அந்த வெப்பத்தை உள்ளே விடுகிறது. எல்லாரும் கூடியிருக்கும் அந்நேரத்தில் அச்சுவரை ஒட்டி அமர்ந்தால் முதுகு காய்ந்துவிடும். அங்கே புத்தக அலமாரியை வைத்து, நாற்காலிகளைச் சன்னல்கள் எதிரெதிராய் உள்ள பக்கம் நகர்த்துங்கள். சன்னலை மறைத்து ஷோகேஸ் வைத்த வீடுகளை எண்ணினால் விரல்கள் போதா! மின்விசிறியோ அறையைக் குளிர்விப்பதில்லை; உடலின் வியர்வையை ஆற்றுவதே அதன் வேலை. ஆகவே அது இருக்கைகளுக்கு மேலே சுழல வேண்டும். ஆளில்லாத நடுத்தரைக்கு மேலே அன்று. விளக்கிலும் இவ்வாறே. இளையோருக்குப் போதுமான வெளிச்சம் முதியோர் கண்ணுக்குப் போதாது. வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, விழிவில்லையும் மங்குகிறது. நீல விளக்குகள் நான்கினைவிட, பெரியவர் நாளிதழ் படிக்கும் நாற்காலிக்குப் பின்னே ஒரு நல்ல விளக்கு மேலானது.

இனி, கத்தோலிக்க இல்லத்தின் முன்னறைக்கே உரிய தேவை ஒன்றுண்டு. பெரு நாட்டில் பிறந்த மத்தேயோ குராலி-போவே என்னும் குருவானவர், இயேசுவின் திரு இருதயப் படத்தைக் குடும்பங்களில் அரியணையேற்றும் பக்தி முயற்சியை 1907-இல் தொடங்கினார். படம் படுக்கையறையிலன்று, வீட்டின் முதன்மையான அறையில் நிறுவப்பட வேண்டும் என்பது அதன் முறை. நம் வீடுகளில் திரு இருதயப் படம் முன்னறைச் சுவரில் இருப்பதும், மாலையில் குடும்பம் அங்கே கூடுவதும் இவ்வழக்கத்தோடு இணைந்தவை. ஆனால் செபமாலைக்கு முழந்தாளிட இன்று தரை எங்கே? டீப்பாயை நகர்த்தி, சோபாவைத் தள்ளி, குழந்தைகளைச் சந்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. அன்பியக் கூட்டம் ஒரு வீட்டில் நடக்கும் நாளில் இருபது பேர் வருவர். எழுவருக்கான சோபாவில் நால்வர் கூச்சத்துடன் அமர, ஏனையோர் வாசற்படியிலும் நடையிலும் நிற்பர். சாமான் குறைந்த வீட்டிலோ, பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்தால் இருபது பேருக்கும் இடம் உண்டு. முடிந்ததும் சுருட்டி மூலையில் சாய்த்துவிடலாம். தாமிரபரணிக் கரையின் கோரையைக் கொண்டு பத்தமடையில் நெய்யும் பாய் வாய்த்தால், அதைச் சுருட்டி வைக்கவும் மனம் வராது; அவ்வளவு மென்மை, அவ்வளவு அழகு.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சென்னையில் 1975-ஆம் ஆண்டு நிலையம் தொடங்கியது. அதன்பின் அந்தப் பெட்டி எந்தெந்த வீட்டை அடைந்ததோ, அங்கெல்லாம் நாற்காலிகள் ஒருவரையொருவர் பார்ப்பதை விட்டு ஒரே திசை பார்க்கத் தொடங்கின. இப்போது பலர் கையிலேயே ஒரு பெட்டி இருப்பதால், அந்த ஒரே திசையும் போய்விட்டது. பெட்டியைப் பக்கச் சுவருக்கு மாற்றி, திரு இருதயப் படத்திற்கு எதிரே நாற்காலிகளை வளைவாய்ப் போட்டுப் பாருங்கள். பார்ப்பவர் பார்க்கட்டும், பேசுவோர்க்கும் இடம் இருக்கட்டும்.

தொடக்கத்தில் சொன்ன வீட்டிற்கு, முதல் வெள்ளிதோறும் பெரியவருக்கு நற்கருணை கொண்டு செல்வது என் வழக்கம். மாசி மாத முதல் வெள்ளியன்று மகனிடம் மெதுவாகக் கேட்டேன்: "தம்பி, அப்பாவின் நாற்காலியைச் சன்னலோரம் போட்டுப் பார்ப்போமா?" அவர் பதில் சொல்லுமுன் மருமகள் முந்திக்கொண்டார்: "சம்பந்தி வீட்டார் வந்தால் என்ன நினைப்பார்கள் சாமி? நாங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிய சோபா." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருடைய உழைப்பும் அந்த அறையில் கிடந்ததன்றோ?

பின்னர் அவரே ஒரு வழி கண்டார். சன்னல் திரைச்சீலையில் மிஞ்சிய கெட்டித் துணியைச் சாய்வு நாற்காலிக்கு மாட்டினார். மரச்சட்டத்திற்குத் தச்சர் ஒருவர் மெருகெண்ணெய் பூசினார். சோபாவின் ஒற்றை இருக்கைகளில் ஒன்று படுக்கையறைக்குப் போயிற்று. பிளாஸ்டிக் உறையும் போயிற்று.

சென்ற மாதம் நான் சென்றபோது வாசலில் சிறு செருப்புகள் நான்கைந்து கிடந்தன. அண்டை வீட்டுப் பிள்ளைகள் தரையில் பாய் விரித்து அமர்ந்திருக்க, பெரியவர் சன்னலோரத்தில் சாய்ந்தபடி வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார். "தினமும் இந்தக் கூட்டந்தான் சாமி, தரையைத் துடைத்தே என் இடுப்பு ஒடிகிறது" என்று மருமகள் முறையிட்டார். என்னைச் சோபாவில் அமரச் சொன்னார்கள். "அதில் உட்காராதீர்கள் சாமி, விழுந்தால் எழ முடியாது" என்று சொல்லி, பெரியவர் தம் பக்கத்தில் கிடந்த முக்காலியைக் காட்டினார்.