மறதி நோயும் விளையாட்டும் – ஒரு வியாபாரப் பார்வை

வயோதிபர்களுக்கான சாமான் என்றால் நமது வியாபாரிகளுக்கு நினைவு வருவது ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி, சக்கர நாற்காலி ஆகியவைதான். சில நாடுகளில் இவற்றோடு விளையாட்டுப் பொருட்களும் நன்றாக விற்பனையாகின்றன. மறதி நோயால் பாதிக்கப்பட்ட பெற்றோருக்காகப் பிள்ளைகள் இவற்றை வாங்குகிறார்கள்.

டிமென்ஷியா எனப்படும் இந்நோயுடன் 2021ஆம் ஆண்டில் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் வாழ்ந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது. இவர்களில் 60 வீதத்திற்கும் அதிகமானோர் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் இருக்கின்றனர். நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. எனவே இருக்கும் ஆற்றலைப் பேணுவதும் நாளை மகிழ்ச்சியாகக் கழிக்கச் செய்வதுமே பராமரிப்பின் முக்கிய பகுதியாகின்றன.

பிரித்தானியாவில் பென் அட்கின்சன்-வில்ஸ் என்ற இளைஞரின் பாட்டனாருக்கு அல்ஸைமர் நோய் வந்தது. படத்துண்டுகளைப் பொருத்தும் விளையாட்டொன்றை அவருக்காகத் தேடியபோது கடைகளில் பொருத்தமானது கிடைக்கவில்லை. துண்டுகள் குறைவாக இருந்தால் படம் சிறுபிள்ளைகளுக்குரியது. படம் பெரியவர்களுக்குரியது என்றால் துண்டுகள் நூற்றுக்கணக்கில். பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக் கற்ற அவர் 13, 35, 63 துண்டுகளில், பெரியவர்கள் ரசிக்கும் படங்களைக் கொண்டு விளையாட்டுகளைத் தயாரித்தார். 2010இல் ஆரம்பமான அந்த நிறுவனம் பின்னர் ‘ரெலிஷ்’ என்று பெயர் மாற்றம் பெற்றது.

இங்கே வியாபாரிக்கு ஒரு பாடம் உண்டு. நோயாளிக்கு ஞாபகம் குறைந்திருக்கலாம்; மானம் குறையவில்லை. குழந்தையின் பொம்மையை அவர் முன் வைத்தால் அவர் மனம் நோகும். விளையாட்டு இலகுவாக இருக்க வேண்டும், ஆனால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கக் கூடாது.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். லண்டன் ஆய்வாளர் எய்மி ஸ்பெக்டரும் குழுவினரும் 201 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வை 2003இல் வெளியிட்டனர். வாரம் இரண்டு முறை, ஏழு வாரங்களில் 14 அமர்வுகள். சொல் விளையாட்டு, எண் விளையாட்டு, பந்து வீசுதல், பொருட்களை இனம் பிரித்தல் என்பன அவற்றில் அடங்கும். ஓர் அமர்வு முழுக்கப் பணம் பற்றியது: அன்று என்ன விலை, இன்று என்ன விலை என்று பேசுவது. இதில் பங்குபற்றியோரின் சிந்தனைத் திறனும் வாழ்க்கைத் தரமும் மற்றவர்களை விட மேம்பட்டிருந்தன. ஆரம்ப, நடுத்தரக் கட்ட நோயாளிகளுக்கு இம்முறையை இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல்கள் சிபாரிசு செய்கின்றன.

ஆனால் இது நோயை மாற்றும் மருந்தல்ல. அமெரிக்காவில் ‘லுமோசிட்டி’ என்ற மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற நிறுவனம், அவை மறதி நோயைத் தள்ளிப்போடும் என்ற விதத்தில் விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடர்ந்தது. 2016 ஜனவரியில் அந்நிறுவனம் 20 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. பிள்ளைகளின் கவலையைக் காசாக்கும் பொய் ஒருநாள் வெளிவரத்தான் செய்யும். “வாப்பாவின் பொழுது நன்றாகப் போகும்” என்று சொல்லி விற்கலாம். “ஞாபகம் திரும்பி வரும்” என்று சொல்லி விற்கக் கூடாது.

விலை உயர்ந்த பொருள்தான் வேண்டும் என்பதில்லை. நெதர்லாந்தில் மேசைமேல் ஒளிப் பந்துகளையும் மலர்களையும் விழச்செய்து கையால் தள்ளி விளையாடும் ‘டோவர்டாஃபல்’ என்ற கருவி உண்டு. அதன் விலை பல ஆயிரம் யூரோ. பராமரிப்பு இல்லங்களுக்கு அது சரி. நமது வீட்டில் கெரம் பலகையும் டொமினோவும் போதும். நேற்று நடந்ததை மறந்தவருக்கும், நீண்டகாலம் செய்த கைவேலை பெரும்பாலும் நினைவில் நிற்கும். புடவைக் கடை நடத்தியவரிடம் துணித் துண்டுகளை மடிக்கவும் நிறம் பிரிக்கவும் கொடுக்கலாம். பலசரக்குக் கடைக்காரரிடம் சில்லறையைப் பிரித்து அடுக்கச் சொல்லலாம். தவறினால் திருத்த வேண்டாம். களைத்தால் நிறுத்திவிட வேண்டும். முதலில் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவது அவசியம். கொழும்பில் லங்கா அல்ஸைமர் நிதியம் குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது.

நாற்பது வருடம் கடையை நடத்தியவர் கணக்கில் தடுமாறத் தொடங்கியதும், லாச்சிச் சாவியை வாங்கிக்கொண்டு அவரை வீட்டு மூலையில் உட்கார வைப்பதுதான் பல குடும்பங்களில் நடக்கிறது. சாவியை வாங்குவது வியாபாரத்தின் பாதுகாப்புக்குத் தேவைதான். ஆனால் வெறுமையான அந்தக் கையில் வேறொன்றைக் கொடுப்பதும் பிள்ளைகளின் பொறுப்பே.