மிஷனரியா வெளிநாடு போறீங்களா? டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுடுங்க!

நம்ம சேனல்ல வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களுக்கு நிறைய பேசியிருக்கோம். இன்னைக்குக் கொஞ்சம் வித்தியாசமான ஒரு தம்பதியைப் பத்திப் பார்க்கலாம். கணவனுக்கு 29 வயசு, மனைவிக்கு 27. ரெண்டு பேருக்கும் நல்ல வேலை. ஆனா அதை விட்டுட்டு, சபையோட ஆதரவில் மிஷனரியா வெளிநாடு போகணும்னு முடிவு பண்ணிட்டாங்க. இது ஒரு உதாரணத் தம்பதிதான். ஆனா நாகர்கோவில், திருநெல்வேலி, வேலூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இப்படி ஒரு குடும்பமாவது தெரிஞ்சிருக்கும்.

அவங்க போகலாமா வேண்டாமான்னு சொல்றது நம்ம வேலை இல்லை. அது அவங்க விசுவாசம், அவங்க முடிவு. நாம பார்க்கப் போறது பணக் கணக்கை மட்டும்தான். சுருக்கமா சொன்னா, போறதுக்கான பணம் எப்படியாவது சேர்ந்துடும். அங்கே இருக்கறதுக்கும், திரும்பி வர்றதுக்கும் ஆகிற பணத்துக்குத்தான் திட்டம் வேணும்.

200 வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஜோடி

1812 பிப்ரவரி 5-ம் தேதி அமெரிக்காவில் அதோனிராம் ஜட்சனுக்கும் ஆன் என்ற பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது. அவருக்கு 23 வயசு, அவங்களுக்கு 22. ரெண்டே வாரத்தில், பிப்ரவரி 19-ம் தேதி, சேலம் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறிட்டாங்க. நம்ம சேலம் இல்லைங்க, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிற சேலம்!

அவங்களை அனுப்பினது ஒரு மிஷன் போர்டு. செலவுக்குப் பணமும் அந்த போர்டுதான் தரணும். ஆனா கல்கத்தா வந்து சேர்ந்ததும், ஞானஸ்நானத்தைப் பத்தின அவங்க நம்பிக்கை மாறிடுச்சு. ரெண்டு பேரும் பாப்டிஸ்ட் ஆயிட்டாங்க. அனுப்பின போர்டு வேற பிரிவைச் சேர்ந்தது. மனசாட்சிப்படி அதிலிருந்து விலகினாங்க. அதாவது, வீட்டிலிருந்து பல ஆயிரம் மைல் தாண்டி, வருமானம் வந்த ஒரே வழி அடைபட்டுப் போச்சு. கிழக்கிந்தியக் கம்பெனியும் இங்கே தங்க விடலை. மொரிஷியஸ் போய், அங்கிருந்து 1813 ஜூன்ல நம்ம மெட்ராஸுக்கு வந்து, கிடைச்ச கப்பலில் ஏறி ஜூலையில் ரங்கூன் போய்ச் சேர்ந்தாங்க.

அவங்களோட இருந்த லூதர் ரைஸ் என்ற நண்பர் அமெரிக்கா திரும்பி, சபை சபையா போய்ப் பேசினார். 1814-ல் பிலடெல்ஃபியாவில் பாப்டிஸ்ட் சபைகள் கூடி ஒரு புது அமைப்பை உருவாக்கி, ஜட்சன் தம்பதியைத் தாங்குற பொறுப்பை ஏத்துக்கிட்டாங்க. பர்மாவில் முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-ல். ரங்கூன் போய் ஆறு வருஷம் கழிச்சு!

இதில் நமக்கு என்ன பாடம்? ஒண்ணு, ஒரே இடத்தை நம்பி இருக்கிற வருமானம் எப்போ வேணும்னாலும் நிக்கலாம், யார் தப்பும் இல்லாமலே. ரெண்டு, பலன் தெரிய வருஷக்கணக்கில் ஆகலாம். அதுவரைக்கும் தாங்குற மாதிரி ஏற்பாடு இருக்கணும்.

1. ஒரு பெரிய கை வேண்டாம், பல சின்னக் கைகள் வேணும்

நம்ம தம்பதிக்கு அங்கே மாசம் 1,20,000 ரூபாய் செலவுன்னு வெச்சுக்குவோம். ஒரு பெரிய சபை "ஒரு லட்சம் நாங்க தர்றோம்"னு சொன்னா கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அங்கே பாஸ்டர் மாறினாலோ, கமிட்டியில் கருத்து வேறுபாடு வந்தாலோ, ஒரே மாசத்தில் 80 சதவீதத்துக்கு மேல காலி.

இதையே 60 பேர் ஆளுக்கு 2,000 ரூபாய் தர்றதா வெச்சுக்கோங்க. அஞ்சு பேர் நின்னுட்டாலும் கையில் 1,10,000 வரும். இழுத்துப் பிடிச்சு ஓட்டிடலாம்.

மிசோரம் சபைகளில் இந்தப் பழக்கம் நூறு வருஷத்துக்கு மேலா இருக்கு. ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் வீட்டில் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியா எடுத்து வெச்சு, சபைக்குக் கொடுக்கிறாங்க. அதை விக்கிற பணம் மிஷனரி வேலைக்கும் போகுது. ஒரு பிடி அரிசி யாருக்கும் பாரம் இல்லை. அதனாலதான் அது நிக்காம வருது.

வாக்கு கொடுத்த எல்லாரும் மாசாமாசம் அனுப்ப மாட்டாங்க. அதனால தேவை 1,20,000-ன்னா, 1,40,000-க்கு வாக்கு சேர்ந்த பிறகு கிளம்புங்க.

2. உங்க அக்கவுண்டுக்கு வர்ற காணிக்கைக்கு வரி உண்டு!

பலருக்கும் இது தெரியறதில்லை. "அன்பளிப்புதானே, அதுக்கு என்ன வரி?"ன்னு நினைக்கிறாங்க.

சொந்தக்காரங்க இல்லாதவங்க கிட்டேயிருந்து ஒரு நிதியாண்டில் வர்ற அன்பளிப்பு மொத்தமா 50,000 ரூபாயைத் தாண்டினா, தாண்டின பகுதிக்கு மட்டும் இல்லை, முழுத் தொகையும் உங்க வருமானமா கணக்காகும். அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க, சித்தப்பா, மாமா, அத்தை மாதிரி சட்டம் சொல்ற உறவுகள் கொடுத்தா பிரச்சினை இல்லை. சபை நண்பர்களும், காலேஜ் தோழர்களும், ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பியும் அந்தப் பட்டியலில் கிடையாது. 60 பேர் ஜிபே-ல 2,000 அனுப்பினா முதல் மாசமே வரம்பு தாண்டிடும்!

"நாங்கதான் என்ஆர்ஐ ஆயிடுவோமே?" அப்பவும் தப்பிக்க முடியாது. இந்தியாவில் இருக்கிறவங்க என்ஆர்ஐ-க்குக் கொடுக்கிற இந்த மாதிரி அன்பளிப்பையும் இந்தியாவில் உண்டான வருமானமாத்தான் சட்டம் பார்க்குது.

அதனால பணம் ஒரு பதிவு பெற்ற அமைப்பு வழியா, முறையான சம்பளமாவோ படியாவோ வர்றது நல்லது. ஆனா அந்த அமைப்புக்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க:

- இந்தியாவில் பதிவான அறக்கட்டளை தன் பணத்தை நாட்டுக்கு வெளியே செலவு பண்ண வருமான வரிச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கு. இதை எப்படிச் சமாளிக்கிறீங்க?
- கொடுக்கிறவங்களுக்கு வரிச் சலுகை கிடைக்குமா? முழுக்க மதப் பணிக்குன்னே நடக்கிற அறக்கட்டளைக்கு அது பொதுவா கிடைக்காது. உங்க கையில் நேரடியா கொடுத்தா நிச்சயமா கிடைக்காது. கிடைக்கும்னு தப்பா சொல்லி யார்கிட்டயும் பணம் வாங்கிடாதீங்க.

இந்த விஷயத்துக்கு ஒரு ஆடிட்டருக்குக் கொடுக்கிற ஃபீஸ் வீண் செலவே இல்லை.

3. பேங்க், பிபிஎஃப், பிஎஃப்

வேலைக்காகவோ, எப்போ திரும்புவோம்னு தெரியாத காலத்துக்கோ வெளிநாடு போனா, ஃபெமா சட்டப்படி நீங்க வெளிநாடு வாழ் இந்தியர். சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்டை அப்படியே ஓட்டக் கூடாது. என்ஆர்ஓ அக்கவுண்டா மாத்தணும். வெளிநாட்டில் சம்பாதிக்கிறதை இங்கே அனுப்பறதுக்கு என்ஆர்இ அக்கவுண்ட் தொடங்கலாம். அதோட வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. என்ஆர்ஓ வட்டிக்கு வரி உண்டு.

ஏற்கனவே இருக்கிற பிபிஎஃப்-ஐ 15 வருஷம் முடியற வரைக்கும் தொடரலாம். புதுசா தொடங்க முடியாது, நீட்டிக்கவும் முடியாது.

பிஎஃப் பணத்தை "வழிச்செலவுக்கு ஆகும்"னு அவசரப்பட்டு எடுத்துடாதீங்க. அஞ்சு வருஷ சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி எடுத்தா வரி விழும். அதைவிட முக்கியம், ரிட்டயர்மென்டுக்குன்னு உங்க கையில் இருக்கிற ஒரே பணம் அதுவா இருக்கலாம்.

4. உயிருக்கும் உடம்புக்கும்

மெட்ராஸிலிருந்து ரங்கூன் போன அந்தக் கப்பல் பயணத்தில்தான் ஆன் ஜட்சனுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. 1822-ல் உடம்பு மோசமாகி அவங்க மட்டும் தனியா ஊர் திரும்பி, சரியானதும் மறுபடி பர்மா போனாங்க. 1826-ல் அங்கேயே இறந்தாங்க. இதெல்லாம் நடக்காதுன்னு நம்புவோம். ஆனா நடந்தா என்னன்னு எழுதி வெச்சுட்டுப் போவோம்.

- டேர்ம் இன்சூரன்ஸ்: வேலையில் இருக்கும்போதே எடுத்துடுங்க. எந்த நாட்டுக்குப் போறீங்கன்னு மறைக்காம சொல்லுங்க. முதல் மூணு வருஷத்துக்குள்ள, உண்மையை மறைச்சீங்கன்னு பாலிசியையே கேள்வி கேட்க கம்பெனிக்கு உரிமை இருக்கு.
- ஹெல்த் இன்சூரன்ஸ்: இங்கே எடுக்கிற பெரும்பாலான பாலிசிகள் இந்தியாவில் நடக்கிற சிகிச்சைக்கு மட்டும்தான். போற நாட்டுக்குத் தனியா ஒண்ணு வேணும். அதில் பிரசவச் செலவும், அவசரத்துக்கு வேற நாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற செலவும் சேர்ந்திருக்கான்னு பாருங்க. இந்தியப் பாலிசியையும் விட்டுடாதீங்க. விட்டுட்டுத் திரும்ப எடுத்தா, ஏற்கனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டி வரலாம்.

5. உயில் எழுதுங்க, 29 வயசானாலும்

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது ரொம்ப முக்கியம். உயில் இல்லாம கணவர் இறந்துட்டா, 1925-ம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி சொத்து பிரியும். குழந்தைங்க இருந்தா மனைவிக்கு மூணில் ஒரு பங்கு, மீதி குழந்தைங்களுக்கு. குழந்தை இல்லைன்னா மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி கணவரோட அப்பாவுக்கு. அப்பா உயிரோட இருந்தா அம்மாவுக்கு ஒண்ணும் கிடையாது! மனைவி இறந்தாலும் இதே கணக்குதான். "எல்லாம் என் துணைக்குத்தான் போகும்"னு நினைச்சுட்டிருந்தா, அது நடக்காது.

இன்னொண்ணு, கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின உயில், கல்யாணம் ஆனதுமே இந்தச் சட்டப்படி செல்லாமப் போயிடும். புதுசா எழுதணும்.

6. திரும்பி வர்ற ஃபண்ட்

இதைப் பேச மிஷனரி தம்பதிகள் ரொம்பத் தயங்குவாங்க. "திரும்பி வர்றதைப் பத்தி இப்பவே யோசிச்சா விசுவாசம் குறைவுன்னு ஆயிடாதா?"ன்னு கேப்பாங்க. விசா புதுப்பிக்காம போகலாம். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வரலாம். அந்த நாட்டில் கலவரம் வரலாம். அப்போ டிக்கெட்டுக்குக் கடன் கேட்டு வாட்ஸ்அப்ல மெசேஜ் போடற நிலைமை வரக் கூடாது.

- ரெண்டு பேர் அவசர டிக்கெட்: 1,20,000
- இங்கே ஆறு மாசச் செலவு, மாசம் 45,000 வீதம்: 2,70,000
- வாடகை வீட்டு அட்வான்ஸ்: 1,00,000

மொத்தம் 4,90,000. அஞ்சு லட்சம்னு வெச்சுக்கோங்க. எஃப்டி-யில் போட்டுட்டு மறந்துடுங்க. இதில் கை வெச்சு அங்கே ஸ்கூட்டர் வாங்கக் கூடாது.

7. அறுபது வயசு எல்லாருக்கும் வரும்

ஊழியத்தில் இருந்தாலும் முதுமை வராம இருக்காது. மாசம் 5,000 ரூபாய் எஸ்ஐபி, வருஷத்துக்கு சராசரி 10 சதவீதம் வளர்ச்சின்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்கிட்டா, 30 வருஷத்தில் சுமார் 1.13 கோடி. "பத்து வருஷம் கழிச்சு ஆரம்பிக்கலாம்"னு விட்டா 20 வருஷத்தில் சுமார் 38 லட்சம்தான். 10 சதவீதத்துக்கு யாரும் கேரண்டி தர முடியாது. ஆனா தள்ளிப் போட்டா எவ்வளவு நஷ்டம்னு இதிலேயே தெரியும். தாங்குறவங்க கிட்ட கொடுக்கிற பட்ஜெட்டிலேயே இந்த 5,000-ஐ ஒரு வரியா எழுதுங்க. மறைக்க வேண்டிய செலவு இல்லை இது.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

பெர்சனல் லோன், நகைக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி ஏதாவது இருக்கா? இருந்தா முதல்ல அதை முடிங்க. யாரோ ஒரு பாட்டி தன் பென்ஷனிலிருந்து ஊழியத்துக்குன்னு அனுப்புற ஐந்நூறு ரூபாய், உங்க பழைய பைக் இஎம்ஐ-க்குப் போகக் கூடாது. அதுக்காக ஆறு மாசம் தள்ளிப் போகணும்னாலும் தள்ளிப் போங்க.

நண்பர்களே, உங்க வீட்டிலோ சபையிலோ இப்படிக் கிளம்புறவங்க இருந்தா, வழியனுப்புக் கூட்டத்தில் சால்வை போடறதுக்கு முன்னாடி இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்புங்க. நீங்க அவங்களைத் தாங்குறவங்களா இருந்தா, "டிக்கெட்டுக்கு எவ்வளவு வேணும்?"னு கேக்கறதோட நிறுத்திடாதீங்க. "திரும்பி வர்ற ஃபண்ட் இருக்கா? இன்சூரன்ஸ் இருக்கா?"ன்னும் கேளுங்க. அவங்க வாய்விட்டுக் கேக்க முடியாத கேள்வி அது.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவில் என்ஆர்ஓ அக்கவுண்டா மாத்தறதை ஸ்டெப் பை ஸ்டெப்பா பார்க்கலாம்.